ராகி – தனிப்பயிர்

போன ஆவணியில் மேகனா போன் செய்தாள். ராபர்ட்சன்பேட்டைப் பெண். தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போய், விவசாயத்தைக் காப்பாற்றுகிற ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். "ஆன்ட்டி, ஃபார்மர்ஸுக்கு ஒரு ட்ரெய்னிங் கீது. அக்கடி சால் பத்தி நீங்க அரை மணி நேரம் பேசணும். பழைய காலத்து நாலெட்ஜ் ஆன்ட்டி, உங்கள மாதிரி சீனியர்ஸ் சொன்னாதான் வெயிட்டா இருக்கும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதே அக்கடியை ஒழித்ததற்காக எனக்கு ஒரு காலத்தில் மேடை போட்டு, மைக் வைத்து, சால்வை போர்த்தினார்கள். இப்போது அதைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்று நான் பேச வேண்டுமாம். வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பிதழில் 'மீளுருவாக்க வேளாண்மை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. செத்துப்போன மண்ணுக்கு மறுபடி உயிர் கொடுப்பது என்று அர்த்தமாம். நல்ல காரியம்தான். மண்ணைச் சாகடித்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

நான் ரோஸ்லின். விவசாய அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, உதவியாளராகவே ஓய்வு பெற்றவள். அப்பா கோலார் தங்கவயலில், கோரமண்டல் சுரங்கத்தில் தினமும் கேஜில் ஏறி பூமிக்கு அடியில் போய்ப் பாறை உடைத்தவர். எனக்கு வேலை கிடைத்த செய்தியைக் கேட்டு, "நாங்கெல்லாம் எத்தினி லெவல் கீழ போயி சம்பளம் வாங்கறோம், எம் பொண்ணு மேல்தோலப் பாத்துட்டே வாங்கப் போவுது" என்று எங்கள் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வருடம் யூரியா மூட்டையின் மேல் அச்சடித்திருப்பதை மூன்று மொழிகளில் ஒப்பித்தோம். சாணி எருவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பரீட்சைக்கு அது வராது என்று வாத்தியாரே சொல்லிவிட்டார்.

எனக்கு ஒதுக்கிய ஊர் பங்காருபேட்டையிலிருந்து பஸ்ஸில் போய், பிறகு நடக்க வேண்டிய ஊர். பெயர் வேண்டாம், என் கையால் அது பட்டது போதும். ஏரித் தண்ணீர் எட்டாத செம்மண் மேடு. மழையை நம்பி ராகி போடுவார்கள். ஆனால் ராகியை மட்டும் போடமாட்டார்கள். எட்டு சால் ராகி, பிறகு ஒரு சால் கலப்பு விதை, மறுபடி எட்டு சால் ராகி. அந்தக் கலப்புச் சாலுக்குத்தான் அக்கடி என்று பெயர். விதைக்கிற கூரிகையை மாடு இழுத்துப் போகும். அதன் பின்னால் கயிற்றில் ஒரு மூங்கில் குழாயைக் கட்டியிருப்பார்கள். குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நடப்பாள். மடியிலிருந்து பிடி பிடியாக எடுத்து விரலிடுக்கில் விட்டுக்கொண்டே போவாள். அவரை, சோளம், கடுகு, உச்செள்ளு, ஆமணக்கு, காராமணி என்று ஆறும் அந்த மடியில் இருக்கும். மழை ஏமாற்றினால் ராகி போகும், சோளம் நிற்கும். அதுவும் போனால் பனிக்கு அவரை காய்க்கும். ஆமணக்கு எதற்கும் அசையாது. எல்லாமே ஒரே வருடத்தில் பொய்த்ததாக அந்த ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த ஊரில் எனக்கு முன்பே தெரிந்தவள் வெங்கடம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மார்கழியில் எங்கள் லைனுக்கு அவரைக்காய்க் கூடை சுமந்து வந்து விற்று விற்றே தமிழ் படித்தவள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் சுரங்கத் தமிழ். நான் அதிகாரியாக வந்து நின்றதும், "இன்னா அம்மணி, எங்கிட்ட கொசுறு கேட்டு சண்ட போட்ட பொண்ணு, இப்ப எனுக்கே வெவசாயம் சொல்ல வந்துட்ச்சா?" என்றாள். சொல்லத்தான் வந்திருந்தேன்.

என் மேலதிகாரி சித்தலிங்கப்பா சார் கால்வாய்ப் பாசனச் சீமையிலிருந்து மாற்றலாகி வந்தவர். வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் வயலைப் பார்த்து வளர்ந்தவருக்கு எங்கள் மேட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. வரப்பை விட்டு இறங்கியும் பார்த்ததில்லை. பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு வரப்பில் நின்று, கையை நீட்டி, ஒரே கேள்வியை ஒரே தொனியில் கேட்டுக்கொண்டே இருப்பார், தனக்கு வேண்டிய பதில் வரும் வரை.

முதல் நாள் வெங்கடம்மா வயலில் அவரைக்கொடியைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"அவரை சார்."

"இது என்ன?"

காது கேட்கவில்லை போல என்று நினைத்துச் சத்தமாக, "அவரைச் செடி சார்" என்றேன்.

"இது என்ன?"

பின்னாலிருந்த பியூன் என் முதுகில் மெல்லத் தட்டி, "களைன்னு சொல்லும்மா" என்றான்.

"களை சார்."

"எழுதிக்கோங்க" என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

அதே சார் மார்கழி பிறந்ததும் என்னை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, "உங்க ஏரியா அவரைக்குச் சொகடு ஜாஸ்தியாமே?" என்று கேட்பார். சொகடு என்றால் பனியில் நனைந்த காயைத் தொட்டால் கையில் ஒட்டுகிற அந்த எண்ணெய் வாசனை. அவரை விதையைத் தோல் பிதுக்கி வைக்கிற பிதுக்கம்பருப்புக் குழம்பின் உயிரே அதில்தான் இருக்கிறது. வெங்கடம்மாவிடம் சொல்லி இரண்டு மூட்டை அனுப்புவேன். சார் மூட்டைக்குள் கையை விட்டு, விரல்களை முகர்ந்து பார்த்து, கண்ணை மூடிக்கொள்வார். ஆவணியில் களை, மார்கழியில் குழம்பு. அதை அவரிடம் சொல்கிற தைரியம் எனக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

அந்த ஊரின் தலையெழுத்தை மாற்றியது அறுவடைச் சோதனை. ஓர் ஊரில் எவ்வளவு விளைகிறது என்று அரசாங்கம் தெரிந்துகொள்ளும் முறை அது. தாலுகாவிலிருந்து ஒரு சர்வே நம்பர் வரும், கூடவே இரண்டு எண்கள். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, முதல் எண்ணுக்கு நீளவாட்டில் அத்தனை எட்டு, இரண்டாவது எண்ணுக்கு அகலவாட்டில் அத்தனை எட்டு வைக்க வேண்டும். நின்ற இடத்தில் முளை அடித்து, அங்கிருந்து ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்ட வேண்டும். மூலைக்கு மூலை இழுத்தால் ஏழு மீட்டர் ஏழு சென்டிமீட்டர் வரவேண்டும், வராவிட்டால் கட்டம் கோணல். பிறகு கயிற்றுக்குள் இருப்பதை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு எழுத வேண்டும். இதைச் செய்வதில் நான் கெட்டிக்காரி. என் கயிறு ஒரு விரல் நகர்ந்ததில்லை.

வெங்கடம்மா வயலுக்கு எண் விழுந்தது. கயிறு கட்டினேன். உள்ளே ராகியோடு அக்கடி சாலும் வந்தது, வராமல் எப்படி இருக்கும்? படிவத்தில் பயிருக்கு ஒரே ஒரு கட்டம்தான். வரப்பில் நின்ற சாரிடம் கேட்டேன். "ராகியை எடை போடுங்க. மத்ததை வெளியே போடுங்க" என்றார். சோளம், கடுகு, பிஞ்சுவிட்ட அவரை எல்லாவற்றையும் அறுத்துக் கயிற்றுக்கு வெளியே போட்டேன். வெங்கடம்மா அதைப் பொறுக்கி மாட்டுக்கு எடுத்துக்கொண்டே, "அது சோறு இல்லியா அம்மணி?" என்று கேட்டாள். படிவத்தில் அதற்குக் கட்டமில்லை என்று பதில் சொன்னேன். வயலில் விளைந்ததில் பாதியைக் கணக்கில் சேர்க்காமல் மேலே அனுப்பினோம். மேலே இருந்தவர்கள் பார்த்துவிட்டு, இந்த ஊரில் ராகி ரொம்பக் குறைவாக விளைகிறது, பின்தங்கிய ஊர், இதை முன்னேற்ற வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

முன்னேற்றத்துக்கு மாதிரி வயலாக வெங்கடம்மாவுடையதையே பிடித்தார்கள். அது ரோட்டோரம் இருந்ததால் ஜீப்பிலிருந்தே தெரியும். புது ரக ராகி, யூரியா, ஒரு தகரப் பலகை. அவளைச் சம்மதிக்க வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள், நானும் செய்தேன். கூடைக்காரியாக அவள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்த உரிமையில், "ஒரே வருஷம் வெங்கடம்மக்கா, எனக்காக" என்றேன். புது ரகத்தை விதைத்தபோதே அவள் பழக்கம் போல அக்கடியும் விதைத்திருந்தாள். முளைத்து முழங்கால் உயரம் வந்த அக்கடியை, நான் வரப்பில் நிற்க, அவளே பிடுங்கிப் போட்டாள்.

அந்த வருடம் புரட்டாசிக்குப் பிறகு மழை நின்றது. புது ரகம் கதிர் பிடிக்காமல் காய்ந்தது. ஐப்பசிக் கடைசியில் சிறு தூறலும் பனியும் வர, பக்கத்து வயல்களில் ராகி போனாலும் அவரை பூத்துக் குலுங்கியது. வெங்கடம்மா வயலில் பலகை மட்டும் நின்றது. அந்த மார்கழியில் அவள் எங்கள் லைனுக்குக் கூடை கொண்டு வரவில்லை. சார் மட்டும் தவறாமல் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் சொகடு எப்படி?" என்றார். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அழுதுவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். என் வாழ்க்கையிலேயே நான் பெருமைப்பட்டுக்கொண்ட காரியம் அதுதான். அடுத்த ஆடியில் வெங்கடம்மா மறுபடி அக்கடி விதைத்தாள். நான் ரோட்டோரமாக இருபது சால் மட்டும் தனி ராகி போடச் சொன்னேன். சார் வரப்பை விட்டு இறங்கமாட்டார் என்று எனக்குத் தெரியாதா? பார்த்தார், தலையாட்டினார், போனார். பதிவேட்டில் அவளுடைய சர்வே நம்பருக்கு நேரே 'ராகி – தனிப்பயிர்' என்று எழுதினேன். ஊரிலுள்ள மற்ற நம்பர்களுக்கும் அப்படியே எழுதினேன். அறுவடைச் சோதனையில் எடை குறைந்துவிடக் கூடாதே என்று, அக்கடி பிடித்த இடத்துக்கு ஈடாகக் கயிற்றுக்கு வெளியேயிருந்து நாலு கைப்பிடி ராகி அறுத்து உள்ளே சேர்த்துக்கொண்டேன். விளைச்சல் கூடியது. அக்கடி ஒழிந்தது. சாருக்குப் பதவி உயர்வு, எனக்குச் சால்வை. வெங்கடம்மா அவள் பாட்டுக்கு மடியில் ஆறு விதையோடு குழாயைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஓய்வு பெறும் வரை ஒரு வருடம்கூட விடாமல் அந்தப் பொய்யை எழுதினேன். இப்படியாக ஓர் ஏழையை அரசாங்கத்திடமிருந்து காப்பாற்றினேன் என்று தினமும் ஜெபத்தில் கர்த்தரிடமே பீற்றிக்கொண்டவள் நான்.

இப்போது மேகனாவுக்கு வருகிறேன். பயிற்சிக்கு முன்னால் ஊரை ஒரு முறை பார்த்துவிடலாம் என்று புரட்டாசியில் காரில் அழைத்துப் போனாள். வழியில் திட்டத்தை விளக்கினாள். பாரம்பரியத்தை இழந்துவிட்ட ஊர்களைத் தேர்ந்தெடுத்து, அதைத் திரும்பக் கற்றுக்கொடுப்பார்களாம். மாறுகிற ஒவ்வொரு வயலுக்கும் தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை வெட்டித் தருவார்களாம். "ஓல்டு ரெஜிஸ்டர் எல்லாம் ஸ்கேன் பண்ணிட்டோம் ஆன்ட்டி. உங்க ஹேண்ட்ரைட்டிங் இன்னா கிளியரா கீது! எல்லா நம்பர்லயும் தனிப்பயிர்னு பக்காவா எழுதிகீறீங்க. அத வெச்சுதான் இந்த ஊரையே செலக்ட் பண்ணாங்க" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெங்கடம்மா வயலில் இறங்கியதும் மேகனா திகைத்துப்போனாள். எட்டு சால் ராகி, ஒரு சால் அக்கடி, வயல் முழுக்க. அவரைக்கொடி சோளத்தில் ஏறிக்கொண்டிருந்தது. வெங்கடம்மா இடுப்பு வளைந்துபோய் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் முனிராஜு பக்கத்தில் நின்றான். வரப்போகும் குட்டையில்தான் அவனுக்கு உயிரே. கோடையில் மாட்டுக்குத் தண்ணீர் சுமந்து சுமந்து அவன் தோளே ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"ஆன்ட்டி, இது ப்ராப்ளம்" என்றாள் மேகனா. "ஃபர்ஸ்ட் இயர் தனிப்பயிர் போட்டோ அப்லோட் பண்ணணும். செகண்ட் இயர் அக்கடி போட்டோ. ரெண்டும் இருந்தாதான் மாறினதா எடுத்துப்பாங்க. இவங்க ஏற்கனவே பண்ணிகினு கீறாங்களே."

"ஏற்கெனவே பண்ணினா நல்லதுதானே?"

"நல்லதுதான் ஆன்ட்டி. ஆனா மாறணுமே." சற்று யோசித்து, "ஒரு கால் ஏக்கர்ல மட்டும் அக்கடிய எடுத்துடலாமா? ஜஸ்ட் போட்டோக்கு. நெக்ஸ்ட் இயர் திரும்பப் போட்டுக்கலாம், நாங்களே ட்ரெய்னிங் குடுக்கறோம்" என்றாள்.

பக்கத்து வயலைப் பார்த்தேன். குட்டைக்குத் தனிப்பயிர் போட்டோ வேண்டும் என்று எப்படியோ கேள்விப்பட்டு, அங்கே அவர்களாகவே பிடுங்கியிருந்தார்கள். அவரைக்கொடி வரப்பில் குவியலாக வாடிக் கிடந்தது. அக்கடியைக் காப்பாற்றுவதற்காக அக்கடியைப் பிடுங்குகிறார்கள். சித்தலிங்கப்பா சாருக்காவது அது களை என்ற நம்பிக்கை இருந்தது.

அந்த நேரத்தில்தான் என் பழைய மூளை வேலை செய்தது. "எதுக்குப் பிடுங்கணும்? எட்டு சால் நடுவுல உக்காந்து, போனைத் தாழ்த்திப் புடி. ராகி மட்டும்தான் விழும்" என்றேன். மேகனா முகம் மலர்ந்தது. "சூப்பர் ஆன்ட்டி!" என்றாள். முனிராஜு கையெடுத்துக் கும்பிட்டான். நான் பெருமையோடு வெங்கடம்மாவிடம் திரும்பி, "இன்னா வெங்கடம்மக்கா, இத்தினி வருஷமும் உன்ன இப்டித்தானே காப்பாத்தினேன்?" என்றேன்.

"காப்பாத்தினியா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலிருந்தது.

பிறகு சொன்னாள். "ஒரு வருஷம் தையில அட மழ புட்ச்சிது, நெனவு கீதா? பூவும் பிஞ்சுமா அவரையெல்லாம் அழுவிப்போச்சி. நிவாரணம் எழுதறாங்கன்னு தாலுக்காபீஸ் போனேன். அங்க கீறவன் புக்கப் பாத்துட்டு, ஒன் நம்பர்ல அவரையே இல்லியே, இல்லாத பயிர் எப்டி அழுவும்னு கேட்டான். அழுவுன கொடியக் கொண்டும்போய் காட்னேன். எங்கியோ புடுங்கினு வந்துகீறேன்னு சொல்லி எல்லாருக்குங் காட்டி சிரிச்சான். சென மாட்ட சந்தைக்கு ஓட்னேன் அம்மணி. புக்குல எழுதுனது யாருன்னு கேட்டேன். ஒம் பேரச் சொன்னான்."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"இன்னான்னு சொல்ல? நீ நல்லதுன்னு நெனச்சி பண்ண. அடுத்த மார்கழிக்கு ஒனுக்கு அவரக்கா குடுத்தேனே, வாங்கிகினியே."

வெட்கத்தில் செத்துப்போனேன். வேறு எப்படிச் சொல்வது? அவள் மாடு சந்தைக்குப் போனதை நான் அறிந்ததே இல்லை. அந்த வருடமும் பதிவேட்டை முத்து முத்தாக எழுதி, கையெழுத்துப் போட்டு, அவள் கொடுத்த அவரையைப் பிதுக்கிக் குழம்பு வைத்துத் தின்றிருக்கிறேன்.

வெங்கடம்மா மேகனாவைப் பார்த்து, "போட்டோவும் வேணாம், புடுங்கவும் வேணாம். கீறத கீற மாதிரி ஒரு வாட்டி எழுதச் சொல்லு" என்றாள்.

"பாட்டி, அப்டி எழுதினா குட்டை வராது" என்றாள் மேகனா.

"வராட்டி போவுது."

முனிராஜு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னை முறைத்துவிட்டு ஊர்ப்பக்கம் நடந்தான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவனுக்குத் தண்ணீர் வேண்டும். அது நியாயமான ஆசை. அதை வாங்கித்தர ஒரு பொய் போதும் என்று ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான்.

மேகனா போனைத் திறந்து காட்டினாள். பயிரின் பெயருக்கு ஒரு கட்டம். அழுத்தினால் பட்டியல் விரியும், ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். எத்தனையோ கோடி போட்டுக் கட்டிய புது யுகத்திலும் அந்த ஒற்றைக் கட்டத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். "பேப்பர் கீதா?" என்றேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். கார் பானெட்டின் மேல் வைத்து எழுதினேன். இந்த சர்வே நம்பரில் நான் வேலையில் இருந்த வருடங்களில் தனிப்பயிர் என்று பதிவு செய்தது பொய், எழுதியவள் நானே, மாதிரி வயல் போட்ட ஒரு வருடம் தவிர இங்கே எப்போதும் அக்கடி இருந்தது, இன்றும் இருக்கிறது. கீழே வரிசையாகப் பயிர்களின் பெயர்கள். கையெழுத்து. மேகனா வாங்கிப் படித்துவிட்டு, "ஆன்ட்டி, இத குடுத்தா அன்னிக்கு உங்க ஸ்பீச் கூட கேன்சல் ஆயிடும்" என்றாள். ஆகட்டும் என்றேன்.

"இன்னா எழுதின? படி" என்றாள் வெங்கடம்மா.

படித்தேன். என் பொய்யைப் பற்றிய வரியில் அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பயிர்களுக்கு வந்ததும் வயலைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கினாள். ராகியை விட்டுவிட்டு அக்கடி மட்டும். அவரை, சோளம், கடுகு, உச்செள்ளு, ஆமணக்கு, காராமணி. நான் நிறுத்தினேன். அவளுடைய அடுத்த விரல் மடங்காமல் காத்திருந்தது.

"புளிச்சக்கீர எங்க?" என்றாள். "சோளத்துக்கு அந்தாண்ட செவப்புத் தண்டோட நிக்குது பார். வருஷா வருஷம் போடறேன், ஏழு. உள்ள எறங்கி கயிறு கட்னியே, ஒரு நாளும் பாத்ததில்லியா அம்மணி?"

செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கிப் பார்த்தேன். நின்றது.